ஒன்பது கதவு, பத்தொன்பது வீடு

கணக்கெடுக்க வந்த மேடம் எங்கள் வீட்டு வரிசையின் முனையில் நின்று செருப்பில் ஒட்டிய சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் இஸ்திரி அக்கா மூன்றாவது முறையாகக் கதவுகளை எண்ணி முடித்துவிட்டாள். ஒன்பது. முந்தின நாள் மாலை எண்ணியபோதும் ஒன்பது, விடிந்ததும் எண்ணியபோதும் ஒன்பது. எண்ண எண்ண ஒன்று கூடிவிடும் என்பதுபோல அவள் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள். வீடுகள் பத்தொன்பது.

"போதும்டி. கதவு ஒன்பது இருந்தா என்ன, கால் முப்பத்தெட்டு இருக்குல்ல நம்மகிட்ட," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

நாங்கள் இருப்பது வாய்க்கால் கரையில். வாய்க்காலை அகலப்படுத்தப் போகிறார்கள். கணக்கில் ஏறும் வீட்டுக்கு, ஊருக்கு வெளியே கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் ஓர் அறை கிடைக்கும். ஏறாத வீட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். எது வீடு என்பதற்கு அவர்களிடம் ஒரு விதி இருந்தது. நான்கு சுவர், ஒரு கூரை, மூடித் திறக்கும் ஒரு கதவு. வாசலில் சாக்குப் படுதா தொங்கினால் அது கொட்டகை. அதற்குள் ஏழு பேர் குடியிருந்தாலும் கொட்டகைதான். கணக்கெடுக்கும் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் இரண்டாம் வீட்டு மாமா இதைக் கேட்டு வந்து சொன்னது மூன்று நாட்களுக்கு முன்பு. எங்கள் கரையில் கதவு குறைவாக இருப்பதற்குக் காரணம் சோம்பல் இல்லை. போன வெள்ளத்தில் முதலில் மிதந்து போனவை கதவுகள்தான். மிதக்காமல் நின்ற சிலதையும், வெள்ளம் வடிந்த பிறகு ஈரத்தில் அடுப்பு மூட்ட வழியில்லாமல் நாங்களே உடைத்து எரித்தோம்.

இஸ்திரி அக்காவின் யோசனை எளிமையானது. மேடம் ஒரு வீட்டை எழுதி முடித்து அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும், எழுதின வீட்டின் கதவைக் கழற்றிப் பின்பக்கமாக, வாய்க்கால் ஓரமாகவே தூக்கிக்கொண்டு ஓடி, முன்னால் இருக்கும் கதவில்லாத வீட்டில் மாட்டிவிடுவது. வரிசை நடுவில் தண்ணீர்த் தொட்டிக்கிட்டே வளைகிறது. முன்னால் போனவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. கீல் எல்லாம் கிடையாது, ஆணியில் கம்பி வளையம்தான். பெண்கள் நான்கு பேர் இரண்டு நாட்களாகப் பழகினார்கள். கழற்ற முப்பது எண்ணும் நேரம். மாட்ட நாற்பது. அம்மா பாட்டில் கழுவும் கிடங்கில் அன்றைக்கு லீவு சொல்லியிருந்தாள். ஏதோ ஓட்டப் பந்தயத்துக்குப் போகிறவள்போலக் கொண்டையை இறுக்கிக் கட்டி, வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

பத்தாவதாக ஒரு கதவு இருந்தது. அது எங்களுடையது. அதை யாரும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. ஏனென்றால் அதன்மேல் அப்பா படுத்திருந்தார்.

அப்பா சாரம் கட்டுகிறவர். ஏழு மாதத்துக்கு முன்பு மூன்றாவது மாடி உயரத்திலிருந்து விழுந்தார். கட்டடத்துக்காரர்கள் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துவிட்டு அப்படியே போய்விட்டார்கள். முதுகெலும்பு ஒன்றுசேர வேண்டும், சமமான கெட்டிப் பலகையில் மல்லாந்தே கிடக்க வேண்டும், தூக்கத் தெரியாதவர்கள் தூக்கினால் உள்ளதும் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். சமமான கெட்டிப் பலகை என்று எங்களிடம் இருந்தது கதவு ஒன்றுதான். அதைக் கழற்றிச் செங்கல்மேல் வைத்தோம். ஒரு தரம் கூரை ஒழுகியபோது அவரைச் சுவரோரமாக நகர்த்தப் போய், அவர் கண் செருகி மயங்கிவிட்டார். அதற்குப் பிறகு அம்மா அவர் கிட்டே யாரையும் விடுவதில்லை. அப்பா மட்டும் வருகிறவர்களிடம் சொல்வார்: "எல்லா வீட்லயும் கதவத் தட்டுவாங்க. நம்ம வீட்டுக்கு வந்தா என்னத்தான் தட்டணும்."

அதனால்தான் இஸ்திரி அக்காவின் யோசனை எங்கள் வீட்டுக்கு எல்லோரையும்விட அதிகமாகத் தேவைப்பட்டது. ஒரு கதவு ஓடி வந்து எங்கள் வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். அப்பா அசைய வேண்டாம். வரிசையில் நாங்கள் கடைசி, பத்தொன்பதாவது.

"இங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க யாரு? ரேஷன் அட்டையைப் பார்த்துப் பேரு, வயசு எல்லாம் சொல்லணும். எனக்குக் கண்ணு கூசுது," என்றார் மேடம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காதுமடல் சூடேறியது. ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவள் நான். அப்பாவுக்குத் துணையாக இருக்க வேறு ஆளில்லை. ஆனால் படிப்பு நிற்பதற்கு முன்பே வகுப்பில் என் குரலை யாரும் கேட்டதில்லை. டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தொண்டைக்குழி வரைக்கும் வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். ஊமைக்கோட்டான் என்றுதான் எங்கள் கரையில் எனக்குப் பெயர்.

"இவளா? இவகிட்டேயிருந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள நீங்க ரிட்டயர் ஆயிடுவீங்க மேடம்," என்றாள் இஸ்திரி அக்கா. சொல்லிக்கொண்டே என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினாள். காதுக்குள், "மெதுவாப் படி. இழுத்து இழுத்துப் படி," என்றாள்.

முதல் வீட்டில் எல்லாம் நினைத்தபடியே நடந்தது. நான் அட்டையைப் படித்தேன். மேடம் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணினார். பிறகு கதவைச் சாத்தச் சொல்லி, வீட்டு ஆட்களை அதன் முன்னால் நிற்க வைத்துப் போனில் படம் எடுக்கத் தயாரானார். அப்போதுதான் அவருக்குப் பின்னால் பேசாமல் நின்றிருந்த ஆள் தோளிலிருந்து பையை இறக்கினார். உள்ளேயிருந்து ஒரு டப்பாவும் பிரஷும் எண் வெட்டிய தகடுகளும் வந்தன. தகட்டைக் கதவின் நடுவில் வைத்து ஒரே இழுப்பில் சிவப்பு பெயிண்டை இழுத்தார். ஒரு சாண் உயரத்துக்கு, ஒன்று.

இதை இரண்டாம் வீட்டு மாமா சொல்லவில்லை. அவர் காதில் விதி விழுந்தது, பெயிண்ட் விழவில்லை.

இரண்டு வீட்டுக்கு நடுவிலிருந்த சந்தில் இஸ்திரி அக்காவின் முகம் தெரிந்தது. வாயைத் திறந்தபடி அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கை மட்டும் அசைந்தது. உள்ளங்கையைக் காட்டினாள், புறங்கையைக் காட்டினாள். தோசை திருப்புவதுபோல மறுபடியும் திருப்பினாள். எனக்குப் புரிந்தது. கதவுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது.

எண் காய்கிற பக்கம் உள்ளே போகும், சுத்தமான பக்கம் வெளியே வரும். உள்ளே ஒரு ஆள் நின்று, மேடம் கதவைத் தள்ளும்போது அதைச் சுவரோடு சுவராக ஒட்டிப் பிடித்துக்கொண்டால் பின்பக்கம் தெரியாது. சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாம் வீட்டை நோக்கி நடக்கும்போது மனம் தானாகப் பெருக்கியது. ஒன்பது கதவு, இரண்டு பக்கம், பதினெட்டு. அந்த இடத்திலேயே கால் நின்றுவிட்டது.

நாங்கள் பத்தொன்பது.

அம்மாவிடம் சொல்ல வழியில்லை. அம்மா பின்பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள். தகரச் சுவர்களுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு வாங்குவதும், "பாத்து, பாத்து, மூலை இடிக்குது" என்று யாரோ அடக்கிய குரலில் சொல்வதும், வாய்க்கால் சேற்றில் கால்கள் சளக் சளக்கென்று போவதும் எனக்குக் கேட்டன. மேடத்துக்கும் கேட்டிருக்கும். அவர் நிமிர்ந்து, "பின்னாடி என்ன சத்தம்?" என்றார்.

"எருமை," என்றேன்.

அதுதான் அன்று நான் அட்டையைப் பார்க்காமல் சொன்ன முதல் வார்த்தை. பின்னால் சத்தம் சட்டென்று நின்றது. எருமைகளுக்கும் அது கேட்டுவிட்டது போலும்.

மூன்றாம் வீட்டில் ஒரு சிக்கல். கதவு இன்னும் வந்து சேரவில்லை. மேடம் எழுதும் தாளிலிருந்து கண்ணை எடுத்தால் வாசலில் சாக்குதான் தெரியும். எப்படியோ என் வாய் திறந்துவிட்டது. "இந்த வீட்ல ஒரு பாய் இருக்கு மேடம். அது ஆறவே ஆறாது," என்றேன்.

மேடம் என்னைப் பார்த்தார். "என்னது ஆறாது?"

"பாய். இவர் ராத்திரி வாட்ச்மேன் வேலைக்குப் போவார். அந்தக்கா விடியக் காலம் ரோடு பெருக்கப் போவாங்க. அவர் வந்து படுக்கும்போதுதான் அவங்க எந்திரிப்பாங்க. அவங்க வந்து படுக்கும்போதுதான் அவர் எந்திரிப்பார். பாய் ஒரு நாளும் ஆறினதில்ல. கல்யாணமாகி நாலு வருஷமாச்சு, ரெண்டு பேரும் சேர்ந்து சண்டை போட்டதுகூட இல்லன்னு சொல்லுவாங்க. சண்டை போட நேரம் அமையல."

மேடம் சிரித்தார். சிரித்து முடித்துத் திரும்பியபோது வாசலில் கதவு இருந்தது. கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு எனக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. பேசினேன். இத்தனை வருஷம் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் வரிசை கட்டிக்கொண்டு வாய்க்கு வந்தது. ஏழாம் வீட்டில் மகன் வளர்ந்துகொண்டே போனதால் அவன் அம்மா வருஷத்துக்கு ஒரு செங்கல் வரிசையாகச் சுவரை உயர்த்தியதைச் சொன்னேன். போன வருஷம் செங்கல் கிடைக்கவில்லை, அதற்குப் பதிலாகத் தரையைத் தோண்டிவிட்டாள், இப்போது அந்த வீட்டுக்குள் ஒரு படி இறங்கித்தான் போக வேண்டும். பத்தாம் வீட்டு அண்ணன் தம்பிக்குப் பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுதான். மூத்தவனுக்குக் காலை வகுப்பு, இளையவனுக்கு மதிய வகுப்பு. இருவரும் பாலத்தடியில் சந்தித்துச் சட்டை மாற்றிக்கொள்வார்கள். இரண்டு பேரின் டீச்சரும் ஒரே சட்டையில் இருக்கும் ஒரே மைக்கறைக்காக இரண்டு பேரையும் திட்டியிருக்கிறார்கள். மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அப்புறம்?" என்றார். பெயிண்ட்காரர்தான், "மேடம், மழை வர்ற மாதிரி இருக்கு," என்று இருமினார். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

கதவுகள் ஓடின. ஒரு வீட்டில் இடது பக்கம் திறந்த கதவு இன்னொரு வீட்டில் வலது பக்கம் திறந்தது. ஆறாம் வீட்டில் உயரமாக நின்ற கதவு பன்னிரண்டாம் வீட்டில் தரையில் இடித்துக்கொண்டு பாதிதான் திறந்தது. மேடம் உடம்பை ஒருக்களித்து எட்டிப் பார்த்தார். நான் ஒவ்வொரு வீட்டிலும் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். இன்னும் ஏழு பக்கம். இன்னும் ஆறு. இன்னும் ஐந்து. வாய் ஒரு பக்கம் ஓடியது, கணக்கு ஒரு பக்கம் ஓடியது.

பதினான்காம் வீடு குடை ரிப்பேர் மாமாவுடையது. அவர் வீட்டுக்கு வந்திருந்த கதவு, இடித்துத் தள்ளிய ஒரு சலூன் கடையிலிருந்து யாரோ எப்போதோ எடுத்து வந்தது. ஒரு பக்கம் வெறும் பச்சை. மறுபக்கத்தில் பெரிய மீசையோடு ஒரு ஆளின் முகம் வரைந்திருக்கும். ஐந்தாம் வீட்டில் அந்த மீசை வெளியே பார்த்தபடி இருந்தது. பெயிண்ட்காரர் அதன் நெற்றி நடுவில்தான் ஐந்து என்று போட்டார். மேடம்கூட, "நல்லா இருக்காரே," என்று சிரித்தார். இப்போது மீசை உள்ளே, பச்சை வெளியே. உள்ளே நின்று சுவரோடு பிடிக்க வேண்டியவர் குடை ரிப்பேர் மாமா. ஆனால் அவருக்குப் போட்டோ என்றால் உயிர். எப்போது படம் எடுக்கப் போகிறார்களோ, முகம் விட்டுப்போய்விடுமோ என்று தலையைப் படிய வாரிக்கொண்டு முன்கூட்டியே வாசலுக்கு வந்து நின்றுகொண்டார். மேடம் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் அடி உள்ளே வைத்தார். அது போய்ச் சுவரில் மோதி, ஆடி, மெதுவாகத் திரும்பி வந்தது. மீசைக்காரர் நெற்றியில் சிவப்பு ஐந்தோடு மேடத்தின் முகத்துக்கு நேராக வந்து நின்றார்.

ஐந்தின் வயிற்றிலிருந்து ஒரு சொட்டு பெயிண்ட் வழிந்து மீசைக்காரரின் மூக்கு வரைக்கும் வந்திருந்தது. குடை ரிப்பேர் மாமா இன்னும் படத்துக்கு நிற்பதுபோலவே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் ஓட்டமும் நின்றுபோனது.

மேடம் அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எதையாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் வெளியே வந்து, கதவின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, மெதுவாக, சத்தமில்லாமல் சாத்தினார். பச்சைப் பக்கம் வெளியே வந்தது.

"நில்லுங்க. படம் எடுத்துக்கறேன்," என்றார்.

பெயிண்ட்காரர் பதினான்கு போட்டு முடித்ததும் அவரிடம் கேட்டார்: "இது காயறதுக்கு எவ்வளவு நேரமாகும்?"

"இந்த வெயிலுக்குக் கால் மணி."

"அப்ப மெதுவாவே போலாம். எனக்குக் கால் வலிக்குது."

"மேடம், நான் சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்குப் போகணும்."

"நானும்தான்," என்றார் மேடம். என்னைப் பார்த்து, "அடுத்த வீடு யாருது? சொல்லு," என்றார்.

ஓட்டம் மறுபடியும் கேட்டது. இந்த முறை எருமைகளுக்கு வேகம் கூடியிருந்தது.

பதினெட்டாம் வீட்டு வாசலில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளிமேல் மேடம் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் மாட்டியிருந்தது கடைசிப் பக்கம். நான் எண்ணியதில் பிசகே இல்லை. எங்கள் வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரம்தான் சுவர். அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் மூச்சு விடுவதுபோலக் கேட்கும்.

"கதவு எங்கடி? அடுத்தது எங்க?" இது அம்மா.

"தீந்துபோச்சு. எல்லாத்துலயும் ரெண்டு பக்கமும் நம்பர் ஏறிடுச்சு," இஸ்திரி அக்கா.

அக்கா எங்கே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்தது.

"அங்க பாக்காத. அவரத் தொடக்கூடாது. வீடு போனாப் போகட்டும், நான் இவர இழுத்துட்டு ரோட்ல கெடந்துக்கறேன்."

"ரோட்ல கெடக்கறதுக்கும் இந்தக் கதவுமேலதான கெடக்கணும்," என்றார் அப்பா. "மழை வந்தா என்னை எங்க நகத்துவ? எப்படியும் ஒருநாள் தூக்கத்தான போற. இன்னிக்கு அக்கம்பக்கத்தோட சேத்து எட்டு பேர் இருக்காங்க. அன்னிக்கு யார் இருப்பா?"

அப்பாவே இஸ்திரி அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, உங்க இஸ்திரிக் கம்பளி கெட்டியா இருக்கும்ல? கொண்டாங்க. எனக்கடியில கொஞ்சங் கொஞ்சமா நுழைச்சு விடுங்க. அவசரப்படாதீங்க."

மேடம் பேனாவை மூடினார். பெயிண்ட்காரர் பிரஷைப் பிடித்தபடி தகரத்தைப் பார்த்தார்.

"உள்ள என்ன நடக்குது?" என்றார் மேடம்.

பதினெட்டு வீட்டைப் பற்றி அவ்வளவு பேசினேன். எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. மேடம் காத்திருந்தார். உள்ளே அப்பாவின் குரல் உயர்ந்தது. ஏழு மாதமாக நான் கேட்காத குரல், கீழேயிருந்து மூன்றாவது மாடிக்குக் கேட்கும்படி கட்டடத்தில் கத்துகிற குரல்.

"சாரம் எறக்கறது எப்படி? ஒருத்தர் முந்தக்கூடாது, ஒருத்தர் பிந்தக்கூடாது. தலைப்பக்கம் ரெண்டு பேரு, கால்பக்கம் ரெண்டு பேரு, இடுப்புக்கு நாலு பேரு. இடுப்புப் பக்கம் தொய்யக் கூடாது. என் முகத்தைப் பாக்காதீங்க, கம்பளியப் பாருங்க. ஏய், நீயும் என் முகத்தைப் பாக்காத, அழுதேன்னா பிடி வழுக்கும்."

"எங்கப்பா வேலை பாக்கறார்," என்றேன்.

அதன் பிறகு மீதியும் வந்துவிட்டது. "எங்க வீட்ல கதவு இருக்கு மேடம். நெஜமான கதவு. அப்பா அது மேலதான் ஏழு மாசமாப் படுத்திருக்கார். எறக்கிட்டிருக்காங்க. கொஞ்ச நேரமாகும்."

"எறக்கு," என்றது அப்பாவின் குரல். "இன்னும். இன்னும். நிறுத்து. மூச்சு வாங்கிக்குங்க. இப்ப எறக்கு." கடைசியில் ஒரு முனகல். அது வார்த்தையாக வர முயன்று, வராமல், நீண்டுகொண்டே போனது. நான் தகரத்தில் கைவைத்தேன். வெயிலில் அது சுட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை. முனகல் நின்றதும் யாரோ விசும்புவதும், "தரை ஜில்லுனு இருக்கு," என்று அப்பா சொல்வதும் கேட்டது.

மேடம் வாளியிலிருந்து எழுந்திருக்கவில்லை. முப்பது எண்ணும் நேரமும் நாற்பது எண்ணும் நேரமும் ஆயிற்று. அதற்குமேலும் ஆயிற்று. அதன் பிறகு அவர் எழுந்து, பின்பக்கம் சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "சரி, பத்தொன்பது," என்றார்.

எங்கள் வாசலில் எங்கள் கதவு நின்றது. அவசரத்தில் படுக்கும் பக்கத்தை வெளியே வைத்து மாட்டிவிட்டார்கள். அப்பாவின் முதுகும் தோளும் இடுப்பும் பட்ட இடம் கறுத்துப் பளபளத்தது. ஏழு மாதம் தேய்த்த தைலமும் வேர்வையும் ஊறி, ஓர் ஆள் அளவுக்குக் கதவுக்குள் நின்றுகொண்டிருந்தது. மேடம் அதைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தார். பெயிண்ட்காரர் தகட்டை வைத்தார், எடுத்தார், சட்டைக் கையால் கதவை அழுத்தித் துடைத்தார், மறுபடி வைத்தார். "எண்ணெய் பிடிச்சிருக்கு. பெயிண்ட் நிக்காது போல," என்று முணுமுணுத்தார். ஒன்று நன்றாக விழுந்தது. ஒன்பதின் வால் மட்டும் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. அவர் அதை விரலால் தடுத்து நிறுத்தினார்.

"இந்தக் கதவு எங்கேருந்து வந்துச்சு?" மேடம் யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"என் முதுகுக்கு அடியிலேருந்து மேடம்," என்றது உள்ளேயிருந்து அப்பாவின் குரல். "ரெண்டு பக்கமும் சுத்தமா இருக்கு. வேணும்னா திருப்பிப் பாத்துக்குங்க."

மேடம் படம் எடுத்தார். அம்மா மூச்சு வாங்கியபடி, முழங்கால் வரைக்கும் சேற்றோடு, முகத்தைத் துடைக்க மறந்து நின்றாள். நான் தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

போகும்போது மேடம் தாள்களை அட்டைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டே, பெயிண்ட்காரரிடம் பேசுவதுபோல, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பதினஞ்சு நாள்ல மேலேருந்து சரிபார்க்க வருவாங்க. அவங்க என்னை மாதிரி வரிசையா நடந்து வரமாட்டாங்க. நாலஞ்சு பேரா வந்து முன்னாடியும் பின்னாடியும் ஒரே நேரத்துல பாப்பாங்க. நம்பர் போட்ட கதவு அந்தந்த வீட்ல இருக்கணும்." வரிசையின் முனைக்குப் போய்ச் செருப்பை மறுபடியும் கல்லில் தேய்த்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் தலை மறைந்ததும் எங்கள் வாசலில் கூடிய கூச்சல் இருக்கிறதே. குடை ரிப்பேர் மாமாவை எல்லோரும் சேர்ந்து திட்டினார்கள். அவர், "படத்துல நான் எப்படி வந்திருக்கேன்னு யாராவது பாத்தீங்களா," என்று கேட்டு இன்னும் வாங்கிக் கட்டிக்கொண்டார். எந்தக் கதவு யாருக்கு என்பதில் உடனே தகராறு வந்தது. மீசைக்காரரில் ஐந்தும் பதினான்கும் இருந்தன. இரண்டு வீடும் அவர் தங்களுக்குத்தான் என்றார்கள். "சண்டைய அப்புறம் வச்சுக்கலாம். இருக்கறது பத்து, இன்னும் ஒன்பது பண்ணணும்," என்று இஸ்திரி அக்கா ஒரு கயிற்றை எடுத்து வாசல்களை அளக்கத் தொடங்கிவிட்டாள். "பழப்பெட்டிப் பலகை கெடைக்கும். தகரம் கெடைக்கும். சிவப்பு பெயிண்ட் கடையில கெடைக்காதா என்ன? நம்பர் எழுத நம்ம ஊமைக்கோட்டான் இருக்கா." பிறகு அவளே நின்று, "இனிமே இவள அப்படிக் கூப்பிட முடியாதுல்ல. அந்த மேடம் காதே வீங்கியிருக்கும்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் உள்ளே ஓடிவிட்டேன்.

அப்பா தரையில், விரித்த அட்டைகளின்மேல் கிடந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. உதடு வெளுத்திருந்தது. கண் மட்டும் பளிச்சென்று இருந்தது. அம்மா அவர் காலடியில் உட்கார்ந்து பெருவிரலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

இடது காலைக் கிள்ளினாள். அப்பா கொஞ்சம் யோசித்தார். "கிள்ளிட்டியா?" என்றார்.

அம்மா அப்படியே உறைந்துபோனாள்.

"சும்மா சொன்னேன். தெரியுது, தெரியுது," என்றார். சும்மா சொன்னாரா என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா மறுபடி கிள்ளவில்லை. அந்தப் பாதத்தை இரண்டு கைகளுக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டாள்.

அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. மூன்று பேரும் திரும்பினோம். பெயிண்ட் காய வேண்டும் என்று கதவைச் சாத்தி வைத்திருந்தோம். எங்கள் வீட்டுக்குள் இருட்டும் குளிர்ச்சியும் வந்திருந்தன.

"யாரது?" என்றார் அப்பா.

வெளியே ஒரு சின்னச் சிரிப்பு. என் தங்கை. நான்கு வயது. கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து பதில் வரும் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. ஓடிப் போனாள், திரும்பி வந்தாள், இந்த முறை இரண்டு கையாலும் தட்டினாள்.

"யாருங்க அது? எந்த ஊரு?"

"நாந்தான்."

"நான்னா எந்த நான்? சொன்னாத்தான் திறப்போம்."

என்ன பதில் சொல்வது என்று அவள் யோசிப்பது கதவைத் தாண்டித் தெரிந்தது. பிறகு கதவு ஒரு விரல் அளவு திறந்தது. வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்து, தரையில் நீண்டு, அப்பாவின் தோளைத் தொட்டது. அந்த இடுக்கில் தங்கை தன் வலது கையை மட்டும் உள்ளே நீட்டினாள். உள்ளங்கை நிறைய ஈரச் சிவப்பு, வால் இழுத்துக்கொண்டு இடவலம் மாறிப் பதிந்த ஒரு ஒன்பது. எங்களுக்குத் தெரிவதற்காக விரல்களை நன்றாக விரித்துப் பிடித்திருந்தாள்.